ஒவ்வாமை உள்ள வீட்டில் கடலை மாவு: பொட்டலமா, மில்லா, வீட்டு அரைப்பா?

மியன்மாவின் யாங்கோனில் நம் வீடுகளில் கடலை மாவு தொடாத வாரம் அரிது. பஜ்ஜியும் பக்கோடாவும் மட்டும் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் தெருமுனையில் வாங்கும் மொகிங்காக் குழம்பைப் பல கடைகளில் கெட்டியாக்குவதும், தேங்காய்ப்பாலில் கொதிக்கும் ஓன்னோ கவுசுவேயில் கரைந்திருப்பதும், அத்தோ என்னும் நூடுல்ஸ் கலவையின் மேல் கடைசியாகத் தூவப்படுவதும், ஷான் மக்கள் களிபோலக் கிளறி ஆறவைத்துத் துண்டுபோடும் மஞ்சள் தோஃபுவும் பெரும்பாலும் இதே மாவுதான். உண்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பருப்பு பருப்பாக இருக்கும்வரை இன்னது என்று அடையாளம் காண முடிகிறது. அரைத்துவிட்டால், கடலைப்பருப்பும் பட்டாணியும் நிலக்கடலையும் ஏறக்குறைய ஒரே வெளிர் மஞ்சள் தூளாகிவிடுகின்றன.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது என் மகளின் மகனுக்கு நேர்ந்தது. அவனுக்கு நிலக்கடலை ஒவ்வாது என்பது முன்பே தெரியும். வீட்டில் நிலக்கடலையை நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. உறவினர் வீட்டில் ஒரு மாலை வாழைக்காய் பஜ்ஜி இரண்டு தின்றான். கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, வாந்தியும் மூச்சிரைப்பும் வந்து, மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட்ட பின்தான் அடங்கியது. கொண்டைக்கடலையும் ஒவ்வாமல் போய்விட்டதோ என்று அஞ்சினோம். பின்னர் மருத்துவர் கண்காணிப்பில் அவித்த கொண்டைக்கடலையைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்ததில் அவனுக்கு எதுவும் ஆகவில்லை. மாவை வாங்கிய கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை: அத்தோக் கடைகளுக்கு வறுத்த நிலக்கடலையைத் தூளாக்கிக் கொடுப்பதும் அதே இயந்திரத்தில்தான் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கடலை மாவு எந்த வழியில் வர வேண்டும் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. மூன்று வழிகளையும் மாறி மாறிக் கடைப்பிடித்துப் பார்த்த பின் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆபத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. தமிழில் 'கடலை மாவு' என்றால் கொண்டைக்கடலையிலிருந்து வந்தது. 'கடலை எண்ணெய்' என்றால் நிலக்கடலையிலிருந்து வந்தது. 'கடலை மிட்டாய்' என்றால் மறுபடியும் நிலக்கடலை. தமிழ் நன்கு அறிந்தவருக்கு இது தடுமாற்றம் தராது. ஆனால் வீட்டில் தமிழும் வெளியில் பர்மியமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதன்று. பர்மிய மொழியில் 'பே' என்ற ஒரே சொல் பயறு வகை அனைத்தையும் தழுவுகிறது: கொண்டைக்கடலை கலபே, நிலக்கடலை மியேபே, சோயாவில் செய்யும் வெள்ளைத் தோஃபு பேபியா, சென்னையில் பர்மாத் தமிழர் கடைகளில்கூடப் 'பேஜோ' என்றே பெயர் பெற்ற மொறுமொறு வடையிலும் அதே பே. சந்தையில் வெறுமனே 'பே மாவு' என்று கேட்டால் விற்பவர் தம் கையில் உள்ள பே எதுவோ அதன் மாவைத் தருவார். அது பொய்யாகாது. எந்தப் பே என்று கேட்காதது வாங்கியவர் குறைதான். சோயா ஒவ்வாதவர் மஞ்சள் தோஃபுவைக் கண்டு விலகுவதும், கொண்டைக்கடலை ஒவ்வாதவர் 'தோஃபு என்றால் சோயாதானே' என்று நம்பி அதைத் தின்றுவிடுவதும் இதே குழப்பத்தின் இரு முகங்கள்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், வீட்டில் யாருக்கு எது ஒவ்வாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலக்கடலை மட்டும் ஒவ்வாதவருக்குக் கடலை மாவு தூய்மையாக இருந்தால் போதும். கொண்டைக்கடலையே ஒவ்வாதவருக்கு எவ்வளவு தூய்மையான கடலை மாவும் விஷந்தான். நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் பட்டாணியும் துவரையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை, அவற்றின் விதைப் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அதனால்தான் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் பல பருப்புகளுக்கும் சேர்த்துத் தடிப்பு எழும்புவது உண்டு. ஆனால் சோதனையில் தடிப்பு எழும்புவது வேறு, தின்றால் உடம்பு எதிர்ப்பது வேறு. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றப் பருப்புகளைச் சிக்கலின்றி உண்கிறார்கள். கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி ஆகிய மூன்றுக்குள் தொடர்பு இன்னும் நெருக்கமானது. பருப்பு அதிகம் உண்ணும் ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகளிடம் இவை சேர்ந்தே ஒவ்வாமல் போவதை மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தோல் சோதனைத் தாளை மட்டும் பார்த்துவிட்டு எல்லாப் பருப்பையும் விலக்குவது, மரக்கறி உண்ணும் நம் குடும்பங்களில் பிள்ளையின் புரதத்தையே விலக்குவதாகும். எது உண்மையில் ஒவ்வாது என்பதை மருத்துவரிடம் முடிவுசெய்துகொண்ட பிறகே மாவைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

வேகவைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கையும் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. போகாது. பருப்புப் புரதங்கள் பெரும்பாலும் வெப்பத்தைத் தாங்குபவை. நிலக்கடலையை உலர வறுக்கும்போது அதன் ஒவ்வாமைத் தன்மை கூடுகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் வேகும்போது எழும் ஆவியை மூச்சில் இழுத்தே இரைப்பு வந்தவர்கள் உண்டு.

இனி முதல் வழி, அச்சிட்ட பொட்டலம். தெய்ஞ்ஜி சந்தையைச் சுற்றிய கடைகளில் இந்தியாவிலிருந்து வந்த பொட்டலங்களும் கிடைக்கின்றன, உள்ளூரில் கட்டியவையும் கிடைக்கின்றன. பொட்டலத்தின் நன்மை, அதில் எழுத்து இருப்பது. தீமையும் அந்த எழுத்தின் எல்லைதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் ஒவ்வாமைப் பொருள்களாகப் பெயர் சொல்லும் பயறு வகைகள் நிலக்கடலையும் சோயாவும் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 வகைகள் இருந்தும், பயறுக் குடும்பத்திலிருந்து நிலக்கடலை, சோயா, 2006இல் சேர்க்கப்பட்ட லூப்பின் ஆகிய மூன்றுதான் இடம்பெற்றிருக்கின்றன. கொண்டைக்கடலையும் பட்டாணியும் இரண்டு பட்டியலிலும் இல்லை. எனவே நிலக்கடலை ஒவ்வாதவருக்கு எச்சரிக்கை வரி பயன்படும். கொண்டைக்கடலை ஒவ்வாதவருக்குப் பயன்படாது. அவர் பொருள்களின் பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும், அதில் 'தாவரப் புரதம்' என்றோ 'பருப்பு மாவு' என்றோ பொதுப்படையாக எழுதியிருந்தால் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். 'நிலக்கடலையின் தடயம் இருக்கலாம்' என்ற வரி இல்லாதிருப்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஏனெனில் பல நாடுகளில் அந்த வரியை எழுதுவது தயாரிப்பாளரின் விருப்பம். இருப்பினும், கொண்டைக்கடலை மட்டும் அரைக்கும் ஆலை என்று தெளிவாக அச்சிட்ட பொட்டலம் கிடைத்தால், நிலக்கடலை ஒவ்வாத வீட்டுக்கு அது தக்க தேர்வு. விலை கூடுதல் என்பதும், அதே பெயரில் அடுத்த மாதம் கிடைக்காமல் போகலாம் என்பதும் அதன் குறைகள்.

மூட்டையிலிருந்து அளந்து தரும் உதிரி மாவைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. மலிவான பட்டாணி மாவு கடலை மாவில் கலக்கப்படுவது இந்தியாவிலும் பழகிப்போன செய்தி. கலப்படமே இல்லையென்றாலும், ஒரே கரண்டி மூட்டைக்கு மூட்டை தாவுகிறது. ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு உதிரி மாவு வேண்டாம்.

இரண்டாம் வழியான மில்தான் நம்மில் பலருக்கும் மனத்துக்கு நெருக்கமானது. நல்ல கடலைப்பருப்பாகப் பார்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, பாத்திரத்தில் எடுத்துப்போய்க் கண்முன்னே அரைத்து வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பருப்பு நம்முடையது, மாவும் நம்முடையது, இதில் என்ன கலக்கப்போகிறது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் மில்லுக்குப் போகும் நம் பெண்கள் எல்லாரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள்: 'முன்னால் மிளகாய் அரைத்தீர்களா?' மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அடுத்து அரைக்கும் மாவு காரமேறிவிடும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. அப்படியானால், முன்னால் அரைத்தது நிலக்கடலையாக இருந்தால் அதுவும் அதேபோல ஏறத்தானே செய்யும்? காரத்தை நாக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது, நிலக்கடலையைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியை நாம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

எவ்வளவு ஏறும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இயந்திரத்தின் உள்ளிடுக்கிலும் மாவு விழும் துணிப்பையிலும் 10 கிராம் நிலக்கடலைத் தூள் ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். எண்ணெய்ப்பசை உள்ள தூள் என்பதால் அது எளிதில் உதிராது, 10 கிராம் என்பது மிகையான எண்ணமன்று. நிலக்கடலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம், எனவே 2.5 கிராம் புரதம். அது நாம் அரைக்கும் மூன்று வீசைப் பருப்பில், அதாவது ஏறக்குறைய 5 கிலோவில், சீராகப் பரவினால் ஒவ்வொரு கிராம் மாவிலும் 0.5 மில்லிகிராம் இருக்கும். இரண்டு மூன்று பஜ்ஜியின் மேல்மாவு 20 கிராம் என்றால், பிள்ளையின் வயிற்றுக்குள் போவது 10 மில்லிகிராம். உலக உணவு வேளாண் நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, எச்சரிக்கை லேபிளுக்கான அளவுகோலாக நிலக்கடலைப் புரதத்துக்கு 2 மில்லிகிராமைப் பரிந்துரைத்தது. ஒரே ஒரு நிலக்கடலைப் பருப்பின் நூறில் ஒரு பங்கு அளவு அது. நம் கணக்கில் வந்தது அதன் ஐந்து மடங்கு. உண்மையில் மாவு சீராகவும் பரவுவதில்லை. முதலில் விழும் மாவில் மிகுதியாகவும் கடைசியில் விழுவதில் குறைவாகவும் இருக்கும். மிளகாய் அரைத்த பின் ஒரு படி அரிசியைப் போட்டு அரைத்துக் கழிக்கும் பழைய வழக்கம் இங்கேயும் ஓரளவு உதவுகிறது, ஆனால் துணிப்பையில் ஒட்டியதை அது கழுவுவதில்லை. பையைத் தட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி.

மில்லை முற்றிலும் ஒதுக்க வேண்டுமா? நிலக்கடலையும் எள்ளும் எடுக்காமல் அரிசி, கோதுமை, உளுந்து, கொண்டைக்கடலை மட்டுமே அரைக்கும் மில் பக்கத்தில் இருந்தால், உரிமையாளரின் வாய்ச்சொல்லை நம்பலாம் என்ற அளவுக்குப் பழக்கமும் இருந்தால், நிலக்கடலை மட்டும் ஒவ்வாத வீடு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அத்தோவும், ஊறிய தேயிலையில் செய்யும் லபேத்தும் அன்றாட உணவாக உள்ள இந்த நாட்டில், சிறு மில்களுக்கு நிலக்கடலை முக்கியமான வாடிக்கை. காலையில் முதல் ஆளாகப் போனாலும் முந்தின மாலையின் மிச்சம் உள்ளே காத்திருக்கும். வேலையாள் மாறும்போது வாக்கும் மாறிவிடுகிறது. என் முடிவு, மில் வேண்டாம் என்பதே.

மூன்றாம் வழியான வீட்டு அரைப்பு உழைப்பு மிகுந்தது, ஆனால் நம்பத்தக்கது. அதன் வலிமை இயந்திரத்தில் இல்லை, அரைப்பதற்கு முன் பருப்பைப் பார்க்க முடிவதில்தான் இருக்கிறது. கடலைப்பருப்பை முறத்தில் பரப்பிப் புடைத்துப் பொறுக்கும்போது, வழவழப்பாக நீண்டு வெளிறிய நிலக்கடலைப் பாதியும், உருண்டைப் பட்டாணிப் பாதியும், ஆப்புபோல ஒரு பக்கம் சரிந்த கேசரிப் பருப்பும் கண்ணில் பட்டுவிடும். சந்தை மூட்டைகள் பக்கம் பக்கமாக இருப்பதால் இவை எப்போதாவது அகப்படவே செய்கின்றன. பிறகு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் மேலே ஒட்டிய தூளும் போய்விடும். வெயில் காலத்தில் மாடியில் துணி விரித்து ஒரு நாளில் காயவைக்கலாம். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மழை விடாதபோது அகன்ற சட்டியில் மெல்லிய தீயில் ஈரம் போகப் புரட்ட வேண்டும், நிறம் மாறவிடக் கூடாது, மாறினால் பஜ்ஜி மாவுக்குப் பச்சை மணம் போய்விடும். மிக்ஸியில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, சூடேறினால் நிறுத்தி, சலித்துக் கப்பியை மறுபடி அரைக்க வேண்டும். அரை வீசைக்கு, காயும் நேரம் நீங்கலாக, எனக்கு ஒரு மணிக்கு மேல் ஆகிறது. மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில் அந்த ஒரு மணி எப்போது வாய்க்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டி காலத்துத் திருகைக் கல் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் அதில் முன்பு எதை அரைத்தார்கள் என்பது தெரியாவிட்டால் சொரசொரப்பான கல்லை முழுமையாகத் தூய்மை செய்ய முடியாது.

இந்த வழியில் இரண்டு இடங்களில் வழுக்கலாம். ஒன்று, நிலக்கடலைச் சட்னி அரைத்த மிக்ஸிக் கிண்ணத்தையே மாவுக்கும் எடுப்பது. மாவுக்கென்று தனிக் கிண்ணம், தனிச் சல்லடை வேண்டும், குறிப்பாகச் சல்லடை, ஏனெனில் அதன் கண்களில் சிக்கியதை எந்தக் கழுவலும் முழுதாக எடுப்பதில்லை. மற்றொன்று, கொண்டைக்கடலையே ஒவ்வாதவர் இருக்கும் வீட்டில் இதைச் செய்வது. அரைக்கும்போதும் சலிக்கும்போதும் பறக்கும் மாவு மூச்சில் போகும். அந்த வீட்டில் வீட்டரைப்பு பாதுகாப்பன்று, ஆபத்து.

அவர்களுக்கு உரியது மாற்று மாவு. நல்வாய்ப்பாக, மொகிங்காவைக் கெட்டியாக்க வறுத்த அரிசியைப் பொடித்துச் சேர்ப்பது இந்த மண்ணின் பழைய முறைகளில் ஒன்று, வீட்டில் செய்யும்போது சுவையில் குறை வராது. ஓன்னோ கவுசுவேக்கும் அரிசி மாவு ஓரளவு பொருந்துகிறது. பஜ்ஜிக்கு அரிசி மாவுடன் சோள மாவைச் சேர்த்தால் மொறுமொறுப்பு வரும், மணம் வராது. மைசூர்பாகுக்கும் பூந்தி லட்டுக்கும் மாற்று இல்லை, அவற்றை அந்த வீடு மறந்துவிடுவதே நல்லது. இங்கே கவனிக்க வேண்டியது, மாற்று என்று நினைத்து மறுபடியும் பயறுக் குடும்பத்துக்குள்ளேயே போய்விடாதிருப்பது. முறுக்கில் சேரும் உளுந்தும், சட்னிக்குப் போடும் பொட்டுக்கடலையும், பொட்டலச் சாம்பார்ப் பொடியில் அரைபட்டிருக்கும் துவரையும் கடலைப்பருப்பும், ஏன் வெந்தயமும்கூட அந்தக் குடும்பம்தான். பொட்டுக்கடலை என்பது வறுத்த கொண்டைக்கடலையே என்பதை எடுத்துச் சொன்னபோது வியந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கடலை மாவில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம், அரிசி மாவில் ஆறு ஏழுதான் என்பதால், மாற்று மாவுக்குப் போகும் வீடு அந்தக் குறையை முட்டையிலோ பாலிலோ மீனிலோ, மருத்துவர் அனுமதித்த வேறொரு பருப்பிலோ ஈடுசெய்ய வேண்டும்.

மாவோடு எண்ணெயையும் பார்க்காமல் விட முடியாது. 1997இல் பிரிட்டனில் நிலக்கடலை ஒவ்வாத 60 பேருக்கு இரண்டு வகைக் கடலை எண்ணெயையும் கொடுத்துப் பார்த்தார்கள். நன்கு சுத்திகரித்த எண்ணெய்க்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுத்திகரிக்காததற்கு 6 பேருக்கு ஒவ்வாமை வந்தது. நடு மியன்மாவின் செக்குகளிலிருந்து வரும் மணமுள்ள எண்ணெய் இரண்டாம் வகை. எத்தனை கவனமாக அரைத்த மாவையும் அந்த எண்ணெயில் பொரித்தால் உழைப்பு வீண்.

வெளியில் உண்பதில் என் தீர்ப்பு கடுமையானது. அத்தோக் கடையில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒரே கை நிலக்கடலைத் தூளிலிருந்து கடலை மாவுக்கும் அங்கிருந்து நூடுல்ஸுக்கும் போகிறது. 'நிலக்கடலை போடாதீர்கள்' என்று சொன்னால் போடமாட்டார்கள், ஆனால் கையைக் கழுவவும் மாட்டார்கள், அவ்வளவு கூட்டத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. பேரனுக்கு அத்தோ வீட்டில்தான். கோவில் அன்னதானத்தில் சோறும் தயிரும் கொடுக்கிறோம், வடையும் கூட்டும் கொடுப்பதில்லை. பரிமாறுபவர்கள் வருத்தப்படுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

தீபாவளிக்கு மூன்று வீசை மாவு வேண்டியிருக்கும்போது தனியொரு வீட்டின் மிக்ஸி தாங்காது. சென்ற முறை எங்கள் தெருவில் இதே சிக்கல் உள்ள இன்னொரு வீட்டாரும் நாங்களும் சேர்ந்து பருப்பை ஒன்றாக வாங்கி, பகலில் பொறுக்கிக் காயவைத்து, மின்சாரம் வந்த மூன்று இரவுகளில் மாற்றி மாற்றி அரைத்தோம். டின்னின் மேல் தமிழிலும் பர்மியத்திலும் 'கொண்டைக்கடலை மட்டும்' என்று எழுதி, அரைத்த தேதியைப் போட்டு, இந்த டின்னுக்கென்று ஒரு கரண்டியை உள்ளேயே வைத்து மூடினோம். ஈரக்காற்றில் வீட்டு மாவு வண்டு பிடிக்கும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. இந்த ஆண்டு மூன்றாவதாக ஒரு வீடும் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒவ்வாதது பட்டாணி என்பதால், பருப்பைப் பொறுக்கும் வேலையை அவர்கள் வீட்டு மாடியில் வைத்துக்கொள்வது என்றும், பட்டாணிப் பாதிகளைத் தேடிப் பொறுக்குவது எங்கள் இரு வீட்டாரின் பொறுப்பு என்றும் பேசி வைத்திருக்கிறோம்.